நானோ போர்டில் புரோகிராம் ஏறவே மாட்டேங்குது, லைட் மட்டும் எரியுது

கரும்பலகை | செவ்வாய், இரவு 9:12

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு குழுவாகப் பிரிந்து, மாடித் தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் அடிக்கும் கருவி செய்கிறார்கள். எங்கள் பள்ளித் தொட்டி வாரத்தில் இரண்டு நாளாவது வழிந்து சைக்கிள் ஸ்டாண்டு முழுக்கச் சேறாகும். அதைப் பார்த்துப் பிள்ளைகளே எடுத்த முடிவு இது.

ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) ஆறு வாங்கினேன். ஒரிஜினல் இல்லை, விலை குறைந்த ரகம். லேபில் இருக்கும் கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். போர்டைச் சொருகினால் சிவப்பு லைட் எரிகிறது. ஆனால் புரோகிராம் எழுதி அனுப்பும் மென்பொருளான ஐடிஇயில் டூல்ஸ் மெனுவைத் திறந்தால், போர்டோடு பேசும் வழியான சீரியல் போர்ட் வரி மங்கலாகவே இருக்கிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஆறு போர்டுக்கும் இதே கதை. அடுத்த வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. பிள்ளைகள் சென்சார், பஸ்ஸர் எல்லாம் பற்றவைத்து முடித்துவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை, யாராவது சொல்லுங்கள்.

ஈசிஇ_மூன்றாமாண்டு | செவ்வாய், இரவு 9:30

டீச்சர், ஐடிஇயை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க. எனக்கு ஒரு தடவை அப்படித்தான் சரியாச்சு. அதுக்கும் வரலன்னா ஆறு போர்டும் டூப்ளிகேட்டா இருக்கும், கடையில திருப்பிக் குடுத்துடுங்க. விண்டோஸ் இருக்கிற சிஸ்டம் கிடைச்சா அதுலயே கோட் டம்ப் பண்ணுங்க, உபுண்டுல தலைவலி ஜாஸ்தி.

ரேடியோபெட்டி | செவ்வாய், இரவு 10:05

தம்பி, ஆறு போர்டும் ஒரே நாளில் செத்துப்போகாது. ஆறுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று முதலில் பார்க்கணும். ஒரே கேபிள், ஒரே கம்ப்யூட்டர். சந்தேகம் அங்கேதான் போகணும். ஐடிஇயைக் கழற்றி மாட்டினால் நேரம் போகும், அவ்வளவுதான். விண்டோஸுக்கு மாறினாலும் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது, அடுத்த வருடம் இதே லேபில் இதே பிரச்சினை வரும்.

டீச்சர், கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி கேபிளுக்குள் நாலு வயர் இருக்கணும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் போட மட்டும் என்று வரும் சில கேபிளில் பின்னால் சொன்ன இரண்டும் இருக்காது. லைட் எரியும், ஆனால் போர்டு ஒன்று வந்திருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. லைட் எரிவதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். நானோவில் மினி யூஎஸ்பி வாய் இருக்கும். பழைய டிஜிட்டல் கேமராவுக்கு வந்த கேபிள் யார் வீட்டிலாவது கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். படம் இறக்கிய கேபிள் என்றால் தகவல் வயர் கட்டாயம் இருக்கும்.

மாட்டியபின் டெர்மினலில், யூஎஸ்பியில் இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை கொடுங்கள். போர்டை மாட்டாமல் ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. இரண்டாவது தடவை ஒரு வரி கூடியிருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். அது தெரியாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

கரும்பலகை | புதன், மாலை 5:48

ஐயா, மிக்க நன்றி. ஒரு மாணவனின் அப்பா கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர். அவருடைய பழைய கேமரா கேபிளைக் கொண்டுவந்தான். மாட்டியதும் எல்எஸ்யூஎஸ்பியில் ஒரு வரி கூடியது. சிஎச்340 என்றும் 1ஏ86, 7523 என்றும் காட்டுகிறது. அந்த வரியைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள்.

ஆனால் ஐடிஇயில் சீரியல் போர்ட் இன்னும் மங்கல்தான். டிரைவர் தேடிப் போடவேண்டுமா?

வல்லைக்காற்று | புதன், இரவு 7:20

அக்கா, டிரைவர் ஒண்டும் தேவையில்லை. சிஎச்340 எண்டது நானோவில யூஎஸ்பியைச் சீரியலா மாத்துற சிப். அதுக்கான டிரைவர் லினக்ஸின்ர மையப் பகுதியான கெர்னலோடயே வருது. நான் யாழ்ப்பாணத்தில பிள்ளைகளுக்கு ரொபோட்டிக்ஸ் சொல்லிக் குடுக்கிறனான். உபுண்டு 22.04 இல இதே இடத்தில ரெண்டு நாள் நிண்டனான், அதால தெரியும்.

டெர்மினலில, கெர்னல் எழுதுற குறிப்புகளைக் காட்டுற டிஎம்இஎஸ்ஜி கட்டளை குடுத்து கடைசி வரியளைப் பாருங்கோ. பிஆர்எல்டிடிஒய் எண்டு ஒரு பேர் தெரியுதோ? தெரிஞ்சா அதுதான் காரணம். பார்வையில்லாத ஆக்கள் கொம்பியூட்டரை பிரெயில் திரையால வாசிக்கிறதுக்கு உதவுற மென்பொருள் அது. சில பிரெயில் கருவியளுக்கும் இதே 1ஏ86, 7523 அடையாள எண்தான். அதால நானோவைச் செருகின உடனே அது தன்ர கருவி வந்திட்டுதெண்டு நினைச்சுப் பிடிச்சுக்கொள்ளுது. சீரியல் போர்ட் தோன்றி ஒரு நொடியில மறைஞ்சிடும்.

இணையத்தில எல்லாரும் அந்த மென்பொருளை அழிச்சு விடச் சொல்லித்தான் எழுதியிருக்கினம். வீட்டுக் கொம்பியூட்டர் எண்டா சரி. உங்கட பள்ளி லாப்பில பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஒண்டு இண்டைக்கு இல்லாட்டிலும் நாளைக்கு வரலாம். அழிக்க வேண்டாம் அக்கா. கருவி செருகினா என்ன செய்யவேணும் எண்டு சொல்லுற யூடெவ் விதிகள் இருக்கிற கோப்புறையில 85 எண்டு தொடங்கி பிஆர்எல்டிடிஒய் எண்டு வாற கோப்பைத் திறந்து, 1ஏ86, 7523 இருக்கிற வரிக்கு முன்னால ஒரு ஹேஷ் குறி போட்டு விடுங்கோ, அந்த வரி மட்டும் வேலை செய்யாது. மற்றப் பிரெயில் கருவியளெல்லாம் வழமை மாதிரி வேலை செய்யும். பிறகு கொம்பியூட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ.

ஈசிஇ_மூன்றாமாண்டு | புதன், இரவு 7:41

இது எனக்குத் தெரியவே தெரியாது அண்ணா. எங்க ஹாஸ்டல்ல ரெண்டு பேர் இதனாலதான் உபுண்டுவையே தூக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். இப்பவே போய்ச் சொல்றேன்.

கரும்பலகை | வியாழன், மதியம் 1:15

நீங்கள் சொன்னபடியே இருந்தது தம்பி. ஹேஷ் குறி போட்டோம், சீரியல் போர்ட் வந்துவிட்டது! எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் சொல்லியிராவிட்டால் யோசிக்காமல் அழித்திருப்பேன்.

இப்போது அப்லோடு அழுத்தினால் பர்மிஷன் டினைட் என்று வருகிறது.

மோட்டார்ரூம் | வியாழன், மதியம் 1:32

மேடம், இது சுலபம். சீரியல் போர்ட்டைத் திறக்க உபுண்டுவில் டயல்அவுட் என்ற குழுவில் உங்கள் யூசர் பெயர் இருக்கணும். அட்மின் வைத்து யூசர்மாட் கட்டளையில் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் லாக்அவுட் பண்ணி உள்ளே வரணும், நிறையப் பேர் இதை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். பிள்ளைகளுக்குத் தனி லாகின் இருந்தால் அதையும் சேர்க்கணும். ஐடிஇயை அட்மினாக ஓட்டுவது குறுக்கு வழி, பள்ளி லேபில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

கரும்பலகை | வியாழன், மாலை 6:20

சேர்த்தாயிற்று. அந்தப் பிழை போய்விட்டது. இப்போது அப்லோடிங் என்று வந்து, போர்டில் லைட் மினுக்கி, சற்று நேரம் கழித்து "நாட் இன் சிங்க்" என்று பத்து வரி வந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் அட்டெம்ப்ட் 1, 2 என்று 10 வரை எண் ஏறுகிறது. ஆறு போர்டிலும் இதேதான்.

ஒவ்வொரு கதவாகத் திறக்கிறோம், உள்ளே இன்னொரு கதவு. பிள்ளைகள் சோர்ந்துபோகாமல் இருப்பதுதான் ஆறுதல்.

ரேடியோபெட்டி | வியாழன், இரவு 8:50

டீச்சர், நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அப்லோடு அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எழுதிய வரிகளை முதலில் கம்பைலர் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றி ஹெக்ஸ் கோப்பாக வைக்கும். இதுவரை போர்டுக்கு வேலையே இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு வெரிஃபை அழுத்தினாலும் இது நடக்கும். அதன்பிறகு ஏவிஆர்டியூட் என்ற சின்ன புரோகிராம் சீரியல் போர்ட்டைத் திறக்கும். திறந்ததும் டிடிஆர் என்ற சிக்னல் கோட்டின் வோல்டேஜ் கீழே இறங்கும். அந்தக் கோட்டுக்கும் சிப்பின் ரீசெட் காலுக்கும் (பின்) நடுவே 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கோடு கீழேயே கிடந்தாலும், கப்பாசிட்டர் அந்த இறக்கத்தை மட்டும்தான் கடத்தும். ரீசெட் கால் ஒரு கணம் தாழ்ந்து தானாக எழும்பிவிடும். நானோவின் அண்ணனான யூனோ என்ற ஆர்டுயினோ போர்டில் அந்தக் காலை மேலே இழுத்துப் பிடித்திருப்பது 10 கிலோஓம் ரெசிஸ்டர். 10 கிலோஓமையும் 100 நானோஃபாரடையும் பெருக்கச் சொல்லுங்கள். 1 மில்லி வினாடி. நீங்கள் பாடத்தில் நடத்தும் கால மாறிலி இதுதான். ரெசிஸ்டர் மதிப்பு வேறாக இருந்தாலும், பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் போர்டிலும் இதே ஏற்பாடுதான்.

ரீசெட் ஆன சிப் நேராக உங்கள் புரோகிராமுக்குப் போகாது. ஏடிமெகா328பி சிப்பில் 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம். அதன் கடைசிப் பகுதியில் பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அதுதான் முதலில் எழும், எழுந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துக் காத்திருக்கும். கம்ப்யூட்டர் அப்போது இரண்டு பைட் அனுப்பும்: பூஜ்யம் என்ற எழுத்துக்குறி, அதையடுத்து ஒரு வெற்றிடக் குறி. பூட்லோடர் இருந்தால் 20, 16 என்ற இரண்டு எண்களைத் திருப்பி அனுப்பும். "இருக்கிறாயா?" "இருக்கிறேன், சொல்." அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு சிப்பின் அடையாளத்தைக் கேட்டு, புரோகிராமை 128 பைட் பக்கங்களாக அனுப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். யாரும் பேசவில்லை என்றால் பூட்லோடர் ஒதுங்கிக்கொண்டு பழைய புரோகிராமை ஓடவிடும்.

உங்களுக்கு வரும் "நாட் இன் சிங்க்" என்பதற்கு அர்த்தம், பத்து தடவை கேட்டும் அந்த 20 வரவில்லை என்பது. லைட் மினுக்குகிறது என்றீர்கள். அப்படியானால் ரீசெட் நடக்கிறது, பூட்லோடரும் உயிரோடு இருக்கிறது. கேள்வியும் போகிறது, ஆனால் புரியவில்லை. கம்ப்யூட்டர் பேசும் வேகமும் பூட்லோடர் பேசும் வேகமும் வேறு. நானோவில் பழைய பூட்லோடர் வினாடிக்கு 57,600 பிட் வேகத்தில் பேசும். 2018-இலிருந்து ஆர்டுயினோ நிறுவனத்தின் ஒரிஜினல் நானோக்களில் 115,200-இல் பேசும் புதியது வருகிறது. விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இன்னும் பழையதுதான். ஐடிஇ புதியதை நினைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் பேசினால் மறுமுனைக்கு ஒரு எழுத்தும் விளங்காது.

டூல்ஸ் மெனுவில் புராசஸர் என்ற வரியைத் திறந்து, ஏடிமெகா328பி ஓல்டு பூட்லோடர் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிப் பாருங்கள்.

நான் ஐடிஐயில் படித்த பிறகு முதலில் தொட்டது 8085 என்ற பழைய மைக்ரோபிராசஸர் கிட். புரோகிராமைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புவதெல்லாம் இல்லை. 3ஈ, 05 என்று ஒவ்வொரு பைட்டாகக் கீபேடில் தட்டி, கடைசியில் 76 தட்டி நிறுத்தணும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பிறகு கரண்ட் போனாலும் மறக்காத ஈப்ராம் என்ற நினைவகச் சிப் வந்தது. சிப்பின் தலையில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அழிக்க அல்ட்ரா வயலெட் விளக்கின் கீழ் பதினைந்து இருபது நிமிடம் வைக்கணும். அதனால் இந்த விரல் நகம் அளவு சிப் தானே எழுந்து தானே எழுதிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கரும்பலகை | வெள்ளி, மதியம் 12:40

ஐயா! ஏறிவிட்டது! டன் அப்லோடிங் என்று வந்ததும் அந்த 13-ஆம் கால் லைட் பிளிங்க் ஆனது. நீங்கள் எழுதியதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். கால மாறிலியை மூன்று வருடமாக நடத்துகிறேன், இவ்வளவு கவனமாகப் பிள்ளைகள் கேட்டு இன்றுதான் பார்த்தேன்.

நாலு போர்டு முழுக்கச் சரி. இரண்டு மட்டும் மிச்சம். மூன்றாம் குழுவின் போர்டில் அதே நாட் இன் சிங்க். ஐந்தாம் குழுவின் போர்டில் ரீசெட் பட்டனை அழுத்தினால்கூட லைட் மினுக்குவதில்லை.

மோட்டார்ரூம் | வெள்ளி, மதியம் 1:10

மேடம், சொல்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு கஷ்டம் எதற்கு? அடுத்த தடவை ராஸ்பெரி பை பிக்கோ என்ற போர்டு வாங்குங்கள். பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் சொருகினால் பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கும். யூஎஃப்2 என்ற வகைப் புரோகிராம் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. டிரைவரும் வேண்டாம், வேகமும் பொருத்த வேண்டாம். அந்த ஏற்பாடு சிப்பின் மாற்றமுடியாத நினைவகமான ரோமிலேயே இருப்பதால் தவறாக எழுதிக் கெடுக்கவும் முடியாது. 2021-இல் வந்ததிலிருந்து எங்கள் பட்டறையில் புதிய வேலைக்கெல்லாம் அதுதான்.

ரேடியோபெட்டி | வெள்ளி, மதியம் 2:25

பிக்கோ நல்ல போர்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் கால்கள் 3.3 வோல்ட். பிள்ளைகள் மாட்டியிருப்பது 5 வோல்ட் அல்ட்ராசோனிக் சென்சார். அது சிக்னல் தரும் எக்கோ காலை நேராகப் பிக்கோவில் கொடுத்தால் சிப்புக்கு ஆகாது, இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பிரிக்கணும். கண்காட்சிக்கு ஏழு நாள் இருக்கும்போது போர்டை மாற்றச் சொல்லாதீர்கள். நாலு வேலை செய்கிறது, மிச்சம் இரண்டைப் பார்ப்போம்.

மோட்டார்ரூம் | வெள்ளி, மதியம் 2:40

சென்சார் 5 வோல்ட் என்பதைக் கவனிக்கவில்லை சார். சரிதான், இந்தத் தடவை நானோவே இருக்கட்டும். அடுத்த வருட வாங்கலுக்கு மட்டும் மேடம் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஈசிஇ_மூன்றாமாண்டு | வெள்ளி, மாலை 4:02

டீச்சர், மூணாவது குழு போர்டுல டிஎக்ஸ்1, ஆர்எக்ஸ்0 ன்னு எழுதியிருக்கிற கால்ல ஏதாவது மாட்டியிருக்காங்களா? யூஎஸ்பி வழியா வர்ற கோடும் அந்த ரெண்டு கால்லதான் சிப்புக்குப் போகுது. சிஎச்340-க்கும் சிப்புக்கும் நடுவுல 1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதனால வெளியில மாட்டுன மாடியூல் குரல்தான் ஓங்கும், கம்ப்யூட்டர் குரல் அமுங்கிடும். என் மினி ப்ராஜெக்ட்ல புளூடூத் மாட்டி இதே மாதிரி மாட்டிக்கிட்டேன்.

கரும்பலகை | வெள்ளி, மாலை 5:15

தம்பி, நூற்றுக்கு நூறு சரி. மூன்றாம் குழு கூடுதலாக எச்.சி.-05 என்ற புளூடூத் மாடியூல் மாட்டியிருந்தார்கள். தொட்டி நிரம்பினால் தலைமையாசிரியர் போனுக்குச் செய்தி போகவேண்டுமாம். கழற்றியதும் ஏறிவிட்டது. அதை இப்போது வேறு இரண்டு காலில், சீரியல் பேச்சைப் புரோகிராமே செய்யும் சாஃப்ட்வேர் சீரியல் வைத்து மாட்டுகிறார்கள். உனக்குப் பிள்ளைகள் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

மிச்சம் ஐந்தாம் குழு மட்டும்.

வல்லைக்காற்று | வெள்ளி, இரவு 9:05

அக்கா, அந்தப் போர்ட்டில பூட்லோடரே இல்லாமல் இருக்கலாம், அல்லது கெட்டுப் போயிருக்கலாம். உங்களிட்ட அல்லது தெரிஞ்ச ஆரிட்டயாவது ஒரு யூனோ இருக்குதோ? இருந்தால் அதை வைச்சுத் திரும்ப எழுதலாம், பயப்பிட ஒண்டுமில்லை.

யூனோவில முதல்ல ஐடிஇயோட வாற ஆர்டுயினோ ஐஎஸ்பி எண்ட உதாரணப் புரோகிராமை ஏத்துங்கோ, அது யூனோவை இன்னொரு சிப்புக்கு எழுதுற கருவியா மாத்தும். பிறகு யூனோவின்ர 10 ஆம் காலை நானோவின்ர ரீசெட்டுக்கும், 11, 12, 13 ஐ நானோவின்ர அதே எண்காலுக்கும், 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் அதுஅதுக்கும் குடுங்கோ. யூனோவின்ர ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒண்டு, நேர்முனை ரீசெட் பக்கம். ஐயா சொன்ன அந்த ஒரு கணத் தாழ்ச்சியை இது விழுங்கிப் போடும், யூனோ தான் எழும்பாமல் வந்ததை அப்பிடியே நானோவுக்குக் கடத்தும். கவனம், இந்தக் கப்பாசிட்டரை உதாரணப் புரோகிராம் ஏத்தின பிறகுதான் போடவேணும். முதலே போட்டால் யூனோவிலயே ஒண்டும் ஏறாது. நானோவின்ர யூஎஸ்பியைக் கழட்டி விடுங்கோ.

புரோகிராமர் எண்ட இடத்தில ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி தெரிவு செய்து, போர்டு எண்ட இடத்தில நானோவுக்குப் பதிலா யூனோ எண்டே தெரிவு செய்து பேர்ன் பூட்லோடர் குடுங்கோ. சிப் ரெண்டிலயும் ஒண்டுதான். யூனோவின்ர ஒப்டிபூட் எண்ட பூட்லோடர் அரைக் கிலோபைட்தான், நானோவின்ர பழையது 2 கிலோபைட் இடம் பிடிக்கும். அதுக்குப் பிறகு அந்த நானோவை எப்பவும் யூனோ எண்டு சொல்லித்தான் ஐடிஇயில பாவிக்கவேணும், புரோகிராமுக்கு 30,720 பைட்டுக்குப் பதிலா 32,256 பைட் கிடைக்கும். போர்ட்டில ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வையுங்கோ, இல்லாட்டி அடுத்த வருசம் ஆருக்கும் விளங்காது.

கரும்பலகை | திங்கள், மாலை 6:35

பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் யூனோ வாங்கி வந்தேன். முதல் தடவை வரவில்லை, 11-ஐயும் 12-ஐயும் மாற்றி மாட்டியிருந்தோம். இரண்டாம் தடவை பூட்லோடர் ஏறியது, அதன்பின் தொட்டிப் புரோகிராமும் ஏறியது. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம். ஆறு பஸ்ஸரும் ஒரே நேரத்தில் அடித்ததில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் எழுந்து வந்துவிட்டார்.

ஒரு மாணவி கேட்டாள், பதில் தெரியாமல் இங்கே கொண்டுவருகிறேன்: "இத்தனை தடவை ஏத்துறோமே மிஸ், சிப் தேஞ்சு போகாதா?"

ரேடியோபெட்டி | திங்கள், இரவு 7:10

அருமையான கேள்வி. தேயும். ஃபிளாஷ் நினைவகத்துக்கு 10,000 தடவை அழித்து எழுதலாம் என்று சிப்பின் தகவல் ஏட்டிலேயே கொடுத்திருக்கிறார்கள். தினம் பத்து தடவை ஏற்றினாலும் 1,000 நாள் வரும், பள்ளி வேலைக்கு அது போதும்.

கவனிக்கவேண்டியது ஈஈப்ராம், அதாவது புரோகிராம் தன் தகவல்களைச் சேமித்துவைக்கும் தனி நினைவகம். அது 1 கிலோபைட், 100,000 தடவை தாங்கும். பெரிய எண் மாதிரி தெரியும். ஆனால் புரோகிராமே லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நின்று வினாடிக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தை ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்தால் 28 மணி நேரத்துக்குள் அந்த எண் தீர்ந்துவிடும். மட்டம் மாறினால் மட்டும் எழுதணும். ஈஈப்ராம் லைப்ரரியில் ரைட்டுக்குப் பதில் அப்டேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பழைய மதிப்பும் புதியதும் ஒன்றாக இருந்தால் எழுதாமல் விட்டுவிடும்.

கரும்பலகை | திங்கள், இரவு 7:26

ஐயா, இதைப் படித்ததும் ஆறு குழுவின் புரோகிராமையும் திறந்து பார்த்தேன். கேள்வி கேட்ட மாணவியின் குழுவில் லூப்புக்குள் ரைட்தான் இருக்கிறது. நாளை காலை முதல் பீரியடிலேயே அவளை வைத்தே மாற்றிவிடுகிறோம்.